மெட்டாலிகா பார்க்கப் போனதும், காதுல இன்னும் ஓடிட்டு இருக்கிற விசிலும்

கரண்ட் போனா எங்க வீட்ல எல்லாருக்கும் அமைதி, எனக்கு மட்டும் ஒரு விசில். ஃபேன் நின்னு, ஃபிரிட்ஜ் உறுமல் நின்னு, தெருவே அடங்கினதுக்கு அப்புறம் இடது காதுக்குள்ள மெல்லிசா ‘ஈஈஈ’ன்னு ஒண்ணு கேக்கும், முன்னாடி தூர்தர்ஷன்ல நிகழ்ச்சி முடிஞ்சதும் கலர் பட்டையைக் காட்டிட்டு ஒரு சத்தம் விடுவாங்களே, அதையே நாலு தெரு தள்ளி எவனோ வச்சிருக்கற மாதிரி. அது ஆரம்பிச்சது 2011 அக்டோபர் 30 ராத்திரி, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ்ல. மெட்டாலிகாங்கற அமெரிக்க மெட்டல் பேண்டு, அதாவது கிட்டாரும் ட்ரம்ஸும் காதைப் பிளக்கற ராக் கோஷ்டி, முதல் தடவையா இந்தியாவுல வாசிச்ச ராத்திரி.

இத இப்ப எதுக்கு எழுதறேன்னா, போன வாரம் அக்கா பையன் ஃபோன் பண்ணி மாமா ஃப்ரெண்ட்ஸோட ஒரு மெட்டல் ஷோவுக்கு போறேன் எதாவது டிப்ஸ் இருந்தா சொல்லுன்னான், நானும் ஆர்வத்துல வாய்ஸ் நோட் போட ஆரம்பிச்சேன், ஆறு நிமிஷம் போயிடுச்சு, பய கேக்கவே இல்ல, தம்ப்ஸ் அப் மட்டும் வந்துச்சு. சரி, எழுதி வச்சா என்னைக்காவது படிப்பான்.

நாங்க அப்போ நாலு பேர் ஒரே ரூம், வேளச்சேரி. நான், டேனி, பாபு, இன்னொருத்தன். டேனி கிட்டார் வாசிப்பான், அதாவது வாங்கி வச்சிருந்தான். டிக்கெட் அனௌன்ஸ் பண்ணின அன்னிக்கே நாலு எடுத்துட்டான், என் பங்கு காசுக்கு அந்த மாசம் முழுக்க கையேந்தி பவன்தான். இதுல அந்த நாலாவது ஆளுக்கு ஆவணியில கல்யாணம் ஆச்சு, தலைதீபாவளி வந்துச்சு. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 26, புதன்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடறேன் மச்சான்னுதான் போனான், மாமனார் வீட்ல மாப்பிள்ளைய விடுவாங்களா, ஞாயித்துக்கிழமை கறிவிருந்துன்னு பிடிச்சு வச்சுட்டாங்க. ஆக ஒரு டிக்கெட் மிச்சம். யாரைக் கேட்டாலும் ஊர்ல இருக்கான். கடைசியில கீழ் வீட்டு மாடி ரூம்ல இருந்த மைக்செட்டைக் கூப்பிட்டோம்.

மைக்செட்டுன்னா அவன் பேர் இல்ல, பட்டப்பேர். அவங்க அப்பா திண்டிவனம் பக்கம் மைக் செட், சீரியல் லைட் வாடகைக்கு விடறவர். இவன் சின்ன வயசுலேர்ந்து கூம்பு ஸ்பீக்கரைத் தென்னை மரத்துல கட்டிட்டு, கல்யாண வீட்டுத் திண்ணையில ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்துலயே தூங்கி வளர்ந்தவன். டிப்ளமோ முடிச்சுட்டு ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு பிரஸ் ஷாப்ல வேலை, கார் கதவு தகடு அடிக்கிற மெஷின். ராஜா பாட்டத் தவிர வேற எதுவும் கேக்க மாட்டான். மெட்டாலிகா தெரியுமாடான்னா, ஸ்பீக்கர் என்ன போடுவாங்கன்னு கேட்டான். வரேன்னுட்டான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பேக் பண்ணிட்டு இருக்கோம், டிவில நியூஸ். 28-ம் தேதி டெல்லி பக்கம் குர்கான்ல நடக்க வேண்டிய ஷோ நின்னு போச்சு. கூட்டம் முன்னாடி தடுப்பை உடைச்சுடுச்சு, பேண்டு மேடை ஏறவே இல்ல, நாளைக்கு நடக்கும்னு சொன்னவுடனே ஜனம் மேடையில ஏறி அடிச்சு நொறுக்கிட்டாங்க, அப்புறம் அந்த நாளைக்கும் இல்லன்னு ஆயிடுச்சு. அதே ஞாயித்துக்கிழமைதான் இந்தியாவோட முதல் ஃபார்முலா ஒன் ரேஸும், அதை ஒட்டித்தான் அந்த டெல்லி ஷோவே வச்சிருந்தாங்க. டேனி மூஞ்சி செத்துடுச்சு. பெங்களூரும் போச்சுன்னு ஆளாளுக்கு ஃபோன். நாங்க ட்ரெயின் டிக்கெட்ட கேன்சல் பண்றதா வேணாமான்னு சனிக்கிழமை மதியம் வரைக்கும் அடிச்சுக்கிட்டோம். அன்னிக்கு கத்துக்கிட்டது என்னன்னா, வெளியூர் ஷோவுக்குப் போறப்ப ஷோ நடக்கலன்னாலும் அந்த ஊர்ல சும்மா ரெண்டு நாள் சுத்திட்டு வர்ற மாதிரி மனச தயார் பண்ணிட்டுத்தான் கிளம்பணும், இல்லன்னா வழி பூரா ஃபோனையே பாத்துட்டு உயிரை விடுவோம்.

சனிக்கிழமை ராத்திரி பெங்களூர் மெயில். மைக்செட்டத் தவிர மூணு பேரும் கருப்பு டீஷர்ட். எதிர் சீட்ல வயசான ஒருத்தர், தீபாவளிக்கு மகள் வீட்டுக்கு வந்துட்டு திரும்பறவர், எங்களையே பாத்துட்டு இருந்தார், அரக்கோணம் தாண்டினதும் கேட்டுட்டார். “மாநாட்டுக்கா தம்பி?” இல்ல சார்னோம். “கார்த்திகை இன்னும் பொறக்கலையே, அதுக்குள்ள மாலை போட்டாச்சா?” பாபு விளக்கம் சொல்ல ஆரம்பிச்சான், அமெரிக்கா சார், 1981-ல ஆரம்பிச்ச பேண்டு சார், கிட்டார் சார்னு. அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு, “அதுக்கு எதுக்கு துக்கம் மாதிரி கருப்பு?”ன்னார். பதில் இல்ல. மைக்செட்டு வெள்ளை கட்டம் போட்ட சட்டையில உக்காந்து அவங்க அம்மா குடுத்துவிட்ட அதிரசத்த அவருக்கு ரெண்டு எடுத்துக் குடுத்தான்.

விடியக்காலை கண்டோன்மென்ட்ல இறங்கினோம். சென்னைலேர்ந்து பேலஸ் கிரவுண்ட்ஸ் போறவங்க சிட்டி ஸ்டேஷன் வரைக்கும் போய் திரும்பி வர வேணாம், கண்டோன்மென்ட்தான் கிட்ட. ஃப்ரேசர் டவுன்ல பாபுவோட கசின் ரூம். குளிச்சோம், தூங்கினோம். மெட்ரோ ஓட ஆரம்பிச்சு அப்போ பத்தே நாள் ஆகியிருந்துச்சு, பையப்பனஹள்ளிலேர்ந்து எம்ஜி ரோடு வரைக்கும் மட்டும். தீபாவளி லீவுக்குப் பொருட்காட்சி பாக்க வந்த மாதிரி குடும்பம் குடும்பமா ஏறி அந்தக் கடைசிலேர்ந்து இந்தக் கடைசிக்குப் போயிட்டு வந்துட்டு இருந்தாங்க, நாங்களும் போனோம். மதியம் எம்ஜி ரோட்டுப் பக்கம் டேனி, பாபு ரெண்டு பேரும் பீர். நான் பாதி. சாப்பாடு மூணு பேருமே சரியா சாப்பிடல, எக்ஸைட்மென்ட். மைக்செட்டு மட்டும் ஒரு ஹோட்டலக் கண்டுபிடிச்சு ஃபுல் மீல்ஸ் அடிச்சான், ரெண்டாவது தடவை சாம்பார் வாங்கினான், எங்களுக்கு அவன் கூட உக்காரவே வெக்கமா இருந்துச்சு. அந்த சாம்பாரோட அருமை சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் தெரிஞ்சது.

கேட்ல லைன். மூணு மணிக்குப் போய் நின்னோம். அந்த வாரம் பெஞ்ச மழையில செம்மண்ணு குழைஞ்சு சேறு, என் புது கான்வாஸ் ஷூ அஞ்சு நிமிஷத்துல கலர் மாறிடுச்சு. செக்கிங்ல டேனியோட ஆணி வச்ச பெல்ட்ட கழட்டி வாங்கிட்டாங்க, பாபுவோட தண்ணி பாட்டில் போச்சு, மைக்செட்டோட முறுக்கு டப்பாவையும் பிடுங்கிட்டாங்க, அதுக்குதான் அவன் ரொம்ப வருத்தப்பட்டான். உள்ள போனா எல்லாத்துக்கும் கூப்பன். தண்ணிக்கும் கூப்பன்தான். ஒருத்தருக்கு இவ்வளவுக்கு கீழ தர மாட்டோம்னு சொல்லி கட்டா குடுத்தாங்க, மிச்சம் இருந்தா திருப்பி வாங்கிக்குவாங்கன்னு நெனச்சோம். வாங்கல. அந்தக் கூப்பன் கொஞ்சம் என் அலமாரியில இன்னும் இருக்கு. முதல்ல கம்மியா வாங்கு, வேணும்னா திரும்பப் போய் லைன்ல நில்லு, அவ்வளவுதான். அப்புறம் பாத்ரூமுக்கு மெயின் பேண்டு வர்றதுக்கு ஒரு பேண்டு முன்னாடியே போயிட்டு வந்துடணும், நடுவுல போனா பழைய இடம் திரும்பக் கிடைக்காது.

நெட்வொர்க் அஞ்சு மணிக்கே செத்துடுச்சு. இது இப்பவும் அப்படித்தான், ஃபோர்ஜியோ ஃபைவ்ஜியோ, அவ்வளவு பேர் ஒரே மைதானத்துல நின்னா டவர் தாங்காது. மைக்செட்டு உள்ள வந்த உடனே சுத்திப் பாத்துட்டு ஒரு வேலை பண்ணினான். மைதானத்துக்கு நடுவுல ஒரு கொட்டகை மாதிரி டவர் இருக்கும், சவுண்ட் மிக்ஸர் வச்சிருக்கற இடம். “பிரிஞ்சுட்டா யாரும் யாரையும் தேடக் கூடாது, முடிஞ்சதும் இந்தக் கொட்டகைக்கு வலது மூலை, அந்த நீலத் தார்ப்பாய் கட்டியிருக்குல்ல, அங்க வந்து நிக்கணும், ஆள் வர்ற வரைக்கும் நகரக் கூடாது”ன்னான். தேர்த் திருவிழாவுல புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறதுதான். நாங்க சிரிச்சோம்.

அப்புறம் பாக்கெட்லேர்ந்து எடுத்தான், ஆரஞ்சு கலர்ல பஞ்சு மாதிரி நாலு ஜோடி. அவங்க ஷாப்ல குடுக்கற காது அடைப்பான். “மேடைக்கு முன்னாடி போனா இதை வச்சுக்கங்கடா.” டேனி கடுப்பாயிட்டான், மாசக் கணக்கா காத்திருந்து காசு குடுத்து வந்து காத அடைச்சுக்கிட்டு கேக்கணுமாடா, இதுக்கு வீட்லயே இருந்திருக்கலாமேன்னான். மைக்செட்டு சண்டை போடல. அவங்க கம்பெனியில சேஃப்டி ட்ரெயினிங்ல சொன்ன கணக்கை மட்டும் சொன்னான், எனக்கு அது இன்னும் மனப்பாடம். சத்தத்த அளக்கறது டெசிபல்ல, 85 டெசிபல்ல 8 மணி நேரம் காது தாங்கும். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 88-ன்னா 4 மணி, 91-ன்னா 2, 94-ன்னா 1, 97-ன்னா அரை மணி, 100-ன்னா கால் மணி நேரம். மேடைக்கு முன்னாடி 100-ஐ சாதாரணமா தாண்டும், ஷோ ரெண்டு மணி நேரம், “மிச்சத்த நீயே வகுத்துக்க”ன்னான். 

எப்படி வைக்கணும்னும் காட்டினான். ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு பீடி சுத்தற மாதிரி இறுக்கி ஒல்லியா உருட்டணும், அடுத்த கைய தலைக்குப் பின்னாடி கொண்டு வந்து காதை மேலயும் பின்னாடியும் இழுத்துப் பிடிக்கணும், அப்பதான் உள்ள ஓட்டை நேராகும், சொருகிட்டு அது உப்பி அடைக்கற வரைக்கும் ஒரு அரை நிமிஷம் விரலால அழுத்திப் பிடிக்கணும். பாதி வெளிய நீட்டிட்டு இருந்தா வச்சதும் வைக்காததும் ஒண்ணு. வெறும் பஞ்சு, டிஷ்யூ பேப்பர் எல்லாம் சும்மா மனசுக்குத்தான். நான் வாங்கி ஜீன்ஸ் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். போட்டுக்கிட்டேன்னா, பாக்கெட்ல மட்டும்தான்.

நம்ம நாட்டு பேண்டுகள் முதல்ல வந்தாங்க, கில்லட்டின், இன்னர் சாங்க்டம். அவ்வளவு பெரிய மேடையில நம்ம பசங்க நிக்கறதப் பாக்க எனக்கு மெட்டாலிகாவுக்கு முன்னாடியே புல்லரிச்சுடுச்சு. அப்புறம் ஸ்காட்லாந்துலேர்ந்து பிஃபி கிளைரோ, நல்லா வாசிச்சாங்க, பாவம் கூட்டம் பொறுமையா இல்ல. டெல்லிலேர்ந்து விமானம் பிடிச்சு வந்த ரெண்டு பேர் எங்க பக்கத்துல நின்னாங்க, வெள்ளிக்கிழமை குர்கான்ல நின்னு ஏமாந்தவங்க, லைட் அணையற ஒவ்வொரு தடவையும் ஒருத்தன் கண்ண மூடிட்டு வேண்டிக்கிட்டான்.

இருட்டிடுச்சு. ஸ்க்ரீன்ல ஒரு பழைய கௌபாய் படத்துக் காட்சி, என்னியோ மோரிகோன் 1966-ல போட்ட இசை, இவங்க 1983-லேர்ந்து இதப் போட்டுட்டுத்தான் மேடை ஏறுவாங்க. எனக்கு முன்னாடி நின்ன நாப்பது வயசு ஆள் ஒருத்தர் தேம்பித் தேம்பி அழுதார். முதல் பாட்டு ‘க்ரீப்பிங் டெத்’. 1984-ல வந்த பாட்டு, நான் பொறக்கறதுக்கு முன்னாடி.

முதல் அடி விழுந்த செகண்டு கூட்டம் முழுக்க முன்னாடி சரிஞ்சுது. நான் நடக்கல, என்ன யாரோ தூக்கிட்டுப் போன மாதிரி பத்து அடி முன்னாடி இருக்கேன். டேனி எங்க, பாபு எங்க, ஒண்ணும் தெரியல. கை ரெண்டும் உடம்போட ஒட்டிக்கிச்சு, மூக்குல வழியற வேர்வையத் தொடைக்கக் கை தூக்க முடியல. இது ஒரு அடையாளம்னு அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கூட்டத்துல உன் கைய உன் முகத்துக்குக் கொண்டுபோக முடியலன்னா அந்த இடம் ஆபத்து, ஜாலி இல்ல, அங்கேர்ந்து வெளிய வரணும். மூச்சு முட்டறது வாயில இல்ல, நெஞ்சு விரிய இடம் இல்லாததுதான் பிரச்சினை. அதனால கூட்டம் நெருங்கறப்பவே ரெண்டு கையையும் குத்துச்சண்டைக்காரன் மாதிரி நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வச்சுக்கணும், கால அகட்டி நிக்கணும். தள்ளற கூட்டத்த எதிர்த்துத் தள்ளினா தோத்துடுவோம். அலை வந்து பின்வாங்கற அந்த ஒரு நொடி இருக்கும் பாருங்க, அந்த நேரத்துல குறுக்கால சாய்வா, ஓரமா ரெண்டு அடி நகரணும், மறுபடி அலை, மறுபடி ரெண்டு அடி. ஃபோன் விழுந்தா போகட்டும். குனியவே கூடாது.

நான் இது எதுவும் தெரியாம எதிர்த்துத் தள்ளி, ஒரு இடத்துல திடீர்னு கூட்டம் விலகி வட்டமா இடம் விட்டுச்சு, அப்பாடான்னு அதுக்குள்ள போய் நின்னேன். அது பிட். வட்டம் எனக்காக விடல, மோதிக்கிறதுக்கு விட்டிருக்காங்க. நாலா பக்கமும் தடித்தடியா ஆளுங்க ஓடி வந்து தோளோட தோள் இடிக்கறாங்க, ஒரு ஆறடி ஆள் என்ன இடிச்சதுல நான் சேத்துல மல்லாந்துட்டேன். செத்தோம்னு நெனச்சேன். கண்ணத் தொறந்தா தலைக்கு மேல ஆறு கை. அதே ஆறடி ஆளு ஒரு கைய நீட்டி என் அக்குள்ள பிடிச்சு பொம்மை மாதிரி நிக்க வச்சுட்டு, ரெண்டு பேர் சுத்தி நின்னு மத்தவங்க என் மேல விழாம முதுகக் குடுத்து மறைச்சுட்டு, ஆங்கிலத்துல ஓகேவான்னு கேட்டான், ஓகேன்னதும் முதுகுல ஒரு தட்டு தட்டிட்டு மறுபடி இடிக்கப் போயிட்டான். பிட்ல எழுதாத சட்டம் இது, விழுந்தவன முதல்ல தூக்கணும், பாட்டெல்லாம் அப்புறம். எனக்குத் தெரிஞ்சு நம்ம ஊர் டவுன் பஸ்ல கூட இவ்வளவு மரியாதை கிடையாது.

ஆனா ஒரு ஷூ போச்சு. ஒத்தக் கால்ல சாக்ஸோட நிக்கறேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு பாத்தா தூரத்துல தலைகளுக்கு மேல, ஸ்பாட் லைட் வெளிச்சத்துல, சாமி ஊர்வலம் மாதிரி என் ஷூ தனியா வருது. யாரோ கண்டெடுத்தவன் கைய உசத்திப் பிடிச்சிருக்கான், அதுவும் அங்க வழக்கமாம், கிடைச்ச பொருள மேல தூக்கிக் காட்டணும். வாங்கிட்டு கும்பிடு போட்டேன், அவன் பதிலுக்குக் கொம்பு காட்டினான். லேஸ் ஷூ போட்டு ரெட்டை முடிச்சு போடணும், செருப்பு, சாண்டல், புது ஷூ மூணும் ஆகாதுங்கறது என் கால் கட்டைவிரல் நகம் குடுத்து வாங்கின பாடம்.

கொம்புன்னதும் ஞாபகம் வருது. ஆட்காட்டி விரலும் சுண்டு விரலும் நீட்டற அந்த முத்திரைய மெட்டல்ல பரப்பினவர் ரோனி ஜேம்ஸ் டியோங்கற பாடகர். அவரோட இத்தாலியப் பாட்டி கண்ணு படாம இருக்க அப்படிக் காட்டுவாங்களாம், அதப் பாத்துப் பழகினதுன்னு அவரே சொல்லியிருக்கார். நம்ம வீடுகள்ல இது சாத்தான் சின்னம்னு பயந்துக்கறாங்க, கடைசில பாத்தா நம்ம பாட்டி மிளகாயும் உப்பும் சுத்திப் போடற அதே திருஷ்டி சமாச்சாரம். கட்டைவிரல மடக்கி வைங்க, நீட்டினா அமெரிக்க சைகை மொழியில ஐ லவ் யூ ஆயிடும், தப்பில்ல, ஆனா சிரிப்பாங்க.

பாதி ஷோ முன்னாடியே நின்னேன். நின்ன இடம் இடது பக்க ஸ்பீக்கர் அடுக்குக்கு நேரா கீழ. பாஸ் வயித்துல இடிக்குது, ட்ரம்ஸ் அடிக்கறப்ப நெஞ்செலும்பு அதிருது, பாக்கெட்ல இருந்த ஆரஞ்சுப் பஞ்சு ஞாபகமே வரல. உண்மையச் சொல்லணும்னா ஒரு தடவை ஞாபகம் வந்துச்சு. பக்கத்துல ஒரு பொண்ணு நின்னுட்டு இருந்தா, அதனால எடுக்கல. அவ்வளவுதான் காரணம், வேற பெருசா ஒண்ணும் இல்ல.

அப்புறம் கண்ணு இருட்டிச்சு. காலைல சாப்பிட்ட ரெண்டு இட்லி, அரை பீர், அஞ்சு மணி நேரமா தண்ணி இல்ல. கையால ஓரமா போகணும்னு காட்டினா வழி விட்டாங்க, தட்டித் தடவி நீலத் தார்ப்பாய்க்கு வந்தேன். அங்க மைக்செட்டு. காதுல பஞ்சு, கைய பின்னாடி கட்டிட்டு, கோயில் பிரகாரத்துல நிக்கற மாதிரி நிக்கறான். தண்ணி குடுத்தான், ரெண்டு பாட்டில் வாங்கி வச்சிருந்தான். கொஞ்சம் தெளிஞ்சதும் தான் கவனிச்சேன், இங்க பாட்டே வேற மாதிரி இருக்கு. முன்னாடி எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலா கலங்கி வந்துச்சு, இங்க ரெண்டு கிட்டாரும் தனித்தனியா, பாஸ் எங்க போகுது, பாடறவர் என்ன சொல்றார், எல்லாம் பிரிஞ்சு கேக்குது. மைக்செட்டு என் காதுகிட்ட வந்து கத்தினான், “மிக்ஸர்காரன் இங்கதானடா நிக்கறான், அவன் காதுக்கு நல்லா இருக்கற மாதிரிதான் வைப்பான், அதனால அவன் பக்கத்துல நிக்கறவனுக்குத்தான் சரியான சத்தம். எங்க அப்பா பந்தல்ல எப்பவும் நடுவுலதான் நிப்பார்.” காசு குடுத்து முன்னாடி போனது நாங்க, பாட்டு கேட்டது அவன்.

மெட்டாலிகா எப்படி வாசிச்சாங்கன்னு கேக்கறீங்களா, அதான் சோகம், எனக்குக் கடைசி ஏழெட்டு பாட்டுதான் ஒழுங்கா ஞாபகம் இருக்கு. மெதுவான பாட்டுல மைதானம் முழுக்க செல்ஃபோன் வெளிச்சம், பாடறவர் ஹெட்ஃபீல்ட் ஒரு வரி பாடிட்டு மைக்க விட்டு விலகி நின்னார், மிச்சத்த கூட்டம் பாடுச்சு. மைக்செட்டும் வாயசைச்சான். பாட்டு தெரியுமாடான்னேன். “மெட்டு பிடிபட்டுடுச்சு”ன்னான்.

முடிஞ்சு லைட் போட்டதும் உலகமே தண்ணிக்கு அடியில இருக்கற மாதிரி. பாபு வாயசைக்கறான், குரல் எங்கயோ கிணத்துக்குள்ளேர்ந்து வருது. டேனி கிழிஞ்ச டீஷர்ட்டோட வந்தான், தலைய ஆட்டி ஆட்டி கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, மூணு நாள் மஃப்ளர் போட்டுட்டு ஆபீஸ் போனான். தலை ஆட்டறவங்க கழுத்த மட்டும் வெட்டாம இடுப்புலேர்ந்து ஆடுங்க, பாட்டோட வேகத்துல பாதி வேகத்துல ஆடினா போதும், பாக்கவும் நல்லா இருக்கும்.

வெளிய ஆட்டோ கிடையாது. இருக்கறவங்க சொன்ன காசுக்கு நாங்க சென்னைக்கே போயிடலாம். மெயின் ரோட்டுல நிக்காம இருபது நிமிஷம் நடந்து உள் ரோட்டுக்குப் போனா நியாயமா வருவாங்க, அப்படித்தான் ஒரு பெரியவர் கிடைச்சார், சிவாஜிநகர்க்காரர், எங்க பேச்சக் கேட்டுட்டு தமிழ்லயே பேசினார். கண்ணாடியில எங்கள ஒரு தடவை பாத்தார், கருப்புச் சட்டை, உடம்பெல்லாம் சேறு, ஒருத்தனுக்குக் கழுத்து கோணல், ஒருத்தன் நொண்டறான். “எந்தக் காட்டுலப்பா அடக்கம் பண்ணிட்டு வரீங்க?”ன்னார். காலைல ஆறரை லால்பாக் பிடிச்சு ஊர் வந்து சேர்ந்தோம், திங்கக்கிழமை லீவ் முன்னாடியே சொல்லி வச்சிருந்தது நாங்க பண்ணின ஒரே புத்திசாலித்தனம்.

டேனிக்கும் பாபுவுக்கும் அந்த அடைப்பு ரெண்டு நாள்ல போயிடுச்சு. எனக்கு வலது காது சரியாச்சு, இடதுல விசில் நின்னுச்சு, நின்னுடுச்சுன்னா இருக்குன்னு அர்த்தம். போகும் போகும்னு மூணு மாசம் விட்டுட்டேன். இதுதான் நான் பண்ணின பெரிய தப்பு. மறுநாளும் காது அடைச்ச மாதிரியோ விசிலோ இருந்தா உடனே காது மூக்கு தொண்டை டாக்டரப் பாருங்க, லேட்டா போனா ஒண்ணும் பண்ண முடியாத கட்டம் வந்துடும். நான் போனப்ப கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு, ஹெட்ஃபோன் மாட்டி, கேட்டா பட்டன அமுக்கச் சொல்லி டெஸ்ட் எடுத்தாங்க. பேப்பர்ல கோடு நேரா போயிட்டு 4000 ஹெர்ட்ஸ், அதாவது கீச்சுன்னு வர்ற உச்ச சுருதி, அது கிட்ட மட்டும் பள்ளத்துல விழுந்த மாதிரி இறங்கி மறுபடி மேல ஏறுது. டாக்டர் அந்தப் பள்ளத்தப் பாத்துட்டு, பட்டாசா, ஃபேக்டரியா, கச்சேரியான்னு மட்டும் கேட்டார். சத்தத்தால போன காது அப்படித்தான் காட்டுமாம். உள்ள இருக்கற முடி மாதிரியான செல்லுங்க செத்தா திரும்ப முளைக்காது. மாத்திரை இல்ல, பழகிக்கங்கன்னார்.

இத மைக்செட்டுகிட்ட சொன்னப்ப அவன் நான் சொன்னேன்லன்னு சொல்லல. அவங்க அப்பாவப் பத்தி சொன்னான், அதுவரைக்கும் சொன்னதே இல்ல. முப்பது வருஷம் கூம்பு ஸ்பீக்கருக்குக் கீழ. ஆள் பேசறது கேக்கும், ஆனா சில எழுத்து மட்டும் கேக்காது. ‘சு’வெல்லாம் காத்துல போயிடும். வாடகை பாக்கி கேக்கப் போற இடத்துல, காசு நாளைக்குத் தரேன்னு சொன்னா அவருக்கு காது நாளைக்குன்னு கேக்குமாம், எல்லாரும் தன்னக் கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சு சண்டைக்குப் போயிடுவாராம். “அதான் நான் பிரஸ் ஷாப்ல சேர்ந்த முதல் நாள்லேர்ந்தே அந்தப் பஞ்ச விடல.”

2012-ல ஸ்லேயர்ங்கற இன்னொரு மெட்டல் பேண்டு பெங்களூர் வந்தப்ப நாங்க நாலு பேரும் பஞ்சோடதான் போனோம், டேனி உட்பட. வச்ச முதல் பாட்டுல டல்லா தெரியும், ரெண்டாவது பாட்டுல மூளை பழகிடும், மூணாவதுல வரிகள் இன்னும் தெளிவா கேக்கும். இப்ப இசைக்குன்னே தனியா ரப்பர்ல ஃபில்டர் வச்சது வருது, மேல் சுருதிய மட்டும் அமுக்காம எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கும், அடிக்கடி போறவங்க அத வாங்கிக்கலாம். ஒரு தடவை போறவங்களுக்கு அந்த ஆரஞ்சுப் பஞ்சே போதும், டீ காசுதான்.

மைக்செட்டு இப்ப அதே கம்பெனியில சேஃப்டி ஆபீசர். எங்க போனாலும் ஒரு டப்பா நிறைய அந்தப் பஞ்சு எடுத்துட்டு வருவான், மேடைக்கு முன்னாடி போற பசங்களப் பிடிச்சு நிறுத்தி ஆளுக்கு ஒரு ஜோடி குடுப்பான், உருட்டறது எப்படின்னு காட்டுவான். கடைசியா போன ஷோவுல ஒரு காலேஜ் பையன் இருட்டுல கைய நீட்டி வாங்கி, தேங்க்ஸ் அங்கிள்னு சொல்லிட்டு வாயில போட்டுக்கிட்டான்.